தீராத மை

ஜப்பானில் ஊற்றுப்பேனா மை சேகரிக்கும் ஆசைக்கு 'இங்குநுமா' என்று ஒரு பெயர் உண்டு. நுமா என்றால் சதுப்பு. கால் வைத்தவரை மெல்ல உள்ளே இழுக்கும் நிலம். இந்தப் பெயரைப் புழங்குபவர்கள் சேகரிப்பாளர்களேதான். ஒரு நீலத்தில் தொடங்குபவர் சில ஆண்டுகளில் அலமாரி நிறையப் புட்டிகளோடு நிற்கிறார். கையால் கலந்து சிறு அளவில் வெளிவந்த ஒரு நிறம் கடையில் தீர்ந்துபோனது என்று கேள்விப்பட்டால், வீட்டில் இருக்கும் நூறு புட்டிகளும் அவருக்கு ஆறுதல் தருவதில்லை. கிடைத்துவிட்டாலோ வேறொரு தொல்லை. இனி இது வராதே என்ற எண்ணத்தில் அந்த மையைத் தொட்டு எழுத மனம் வராது. எழுதித் தீர்ப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒன்று, திறக்கப்படாமல் இருட்டில் கிடக்கிறது. இப்படிக் காத்துவைப்பது அந்தப் பொருளுக்குச் செய்யும் மரியாதையா, துன்பத்தின் வேர் என்று பௌத்தம் காட்டும் பற்றா? ஊசிக்கும் தூரிகைக்கும் கூடச் சடங்கு செய்யும் நாட்டில் இது தவிர்க்க முடியாத கேள்வி.

பெரிய நிறுவனங்களின் வழக்கமான மைகளுக்குப் பஞ்சம் அரிது. 1918இல் தொடங்கிய பைலட் நிறுவனம் 2007இல் கொண்டுவந்த 'இரோஷிசுகு' வரிசை உலகெங்கும் கடைகளில் கிடைக்கிறது. அந்தப் பெயருக்கு 'நிறத்துளி' என்று பொருள். நிலவிரவு, காட்டுத் திராட்சை, பனிக்காலத்துப் பெர்சிமன் பழம் என்று ஒவ்வொரு மையும் ஓர் இயற்கைக் காட்சியின் பெயர் தாங்கி வருகிறது. தட்டுப்பாடு தொடங்குவது இந்த வட்டத்துக்கு வெளியே. ஹிரோஷிமா மாகாணத்தின் குரே நகரில் 1911இல் பிறந்த செய்லர் நிறுவனத்தில், மை கலப்பதையே தொழிலாகக் கொண்ட இஷிமாரு ஒசாமு என்பவர் ஊர் ஊராகச் சென்று, வாடிக்கையாளர் எதிரிலேயே அவர் கேட்ட நிறத்தைக் கலந்து கொடுத்தார். வந்தவர்கள் நிறத்தை எண்ணால் சொல்லவில்லை. சிறுவயதில் பார்த்த கடல், இறந்துபோன பாட்டியின் கிமோனோ என்று நினைவால் சொல்லும் நிறத்தை, சில அடிப்படை மைகளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அவர் தேட வேண்டியிருந்தது. அந்தப் புட்டி ஒருவருக்கு மட்டுமே உரியது. அடுத்து வந்தவை 'கோத்தோச்சி' மைகள், அதாவது அந்தந்த ஊருக்கே உரிய மைகள். ஓர் ஊரின் எழுதுபொருள் கடை தன் ஊரின் மலைக்கும் துறைமுகத்துக்கும் தெருவுக்கும் ஒரு நிறம் கலக்கச் சொல்லித் தன் கடையில் மட்டும் விற்கும். தொகுதி சிறியது, கடை ஒன்று, வாங்க நினைப்பவர்கள் நாடு முழுக்க, பிறகு கடல் கடந்தும். ஒருவருக்கு ஒரு புட்டி என்ற வரம்பும் குலுக்கலும் இதிலிருந்து வந்தவை. வாங்கி இரட்டிப்பு விலைக்கு விற்கும் இடைத்தரகர்களும் வந்துவிட்டார்கள்.

இந்த ஊர் மைகளில் கோபே நகரத்து மைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை பிறந்த காரணம் வேறு. 1995 ஜனவரி 17 விடியற்காலையில் கோபே நிலநடுக்கத்தில் சரிந்தது. 6,400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1882 முதல் எழுதுபொருள் விற்றுவரும் நகாசவா என்ற கடை அந்த நகரத்தில் இருக்கிறது. நகரம் மீண்டெழுந்த பிறகு, உதவியவர்களுக்கு நன்றி சொல்லி எழுத கோபேயின் நிறத்திலேயே ஒரு மை வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கடையில் முளைத்தது. 2007இல் முதல் நிறங்கள் வந்தன: நகரத்தின் பின்னால் நிற்கும் ரொக்கோ மலையின் பச்சை, படகுத்துறையின் நீலம், அயல்நாட்டு வணிகர்கள் குடியிருந்த பழைய குடியேற்றப் பகுதியின் கல் கட்டடங்களை நினைவூட்டும் செம்பழுப்பு. இன்று அந்த வரிசையில் எழுபதுக்கும் மேற்பட்ட நிறங்கள் இருக்கின்றன. இடிந்த ஊர் தன்னைத் தானே மீண்டும் பார்த்துக்கொண்டு, தெருத் தெருவாகப் பெயர் சொல்லி நிறம் கொடுத்த செயல் அது. நன்றிக் கடிதத்துக்காகப் பிறந்த மை எங்கோ ஓர் அலமாரியில் முத்திரை உடையாமல் கிடப்பதில், சேகரிப்பாளரே உணரக்கூடிய ஒரு வருத்தம் இருக்கிறது. எழுதப்படாத நன்றி யாரையும் சென்று சேரவில்லை.

மையின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த ஆசை எதன்மீது என்பது தெளியும். ஊற்றுப்பேனாவின் உள்ளே மையை உறிஞ்சும் கன்வர்ட்டர் ஏறக்குறைய 0.7 மில்லிலிட்டர் கொள்ளும். 50 மில்லிலிட்டர் புட்டியில் எழுபது முறை நிரப்பலாம். வாரம் ஒரு நிரப்பு மை எழுதுகிறவர் இந்தக் காலத்தில் நிறைய எழுதுகிறவர். அவருக்கே ஒரு புட்டி ஓராண்டையும் தாண்டி நான்கு மாதம் வரும். நூறு புட்டிகள் வைத்திருந்தால் எழுதித் தீர்க்க 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அப்படியானால் நூற்றோராவது புட்டியை அவர் தேடுவது எழுதுவதற்காக அல்ல. அவருக்குக் குறைவது மை அன்று, ஆயுள். ஒரு மனித வாழ்க்கைக்குள் அடங்காத அளவு கையில் இருக்கும்போதும் 'போதவில்லை' என்ற உணர்வு எழுகிறது என்றால், அந்தப் போதாமையின் ஊற்று புட்டிக்கு வெளியே இருக்கிறது.

அந்த ஊற்றைப் பௌத்தம் மிக நுட்பமாக வரைந்திருக்கிறது. பன்னிரு சார்புகளின் சங்கிலியில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று நான்கு கண்ணிகள் அடுத்தடுத்து வருகின்றன. இந்தத் தமிழ்ச் சொற்கள் மணிமேகலை தருபவை. கண் ஒரு நிறத்தைத் தொடுகிறது, அது ஊறு. இன்பம் பிறக்கிறது, நுகர்வு. இன்னும் வேண்டும் என்கிறது மனம், வேட்கை. கை நீண்டு பிடித்துக்கொள்கிறது, பற்று. ஜப்பானியர் இதே சங்கிலியைச் சீன எழுத்துகளில் படிக்கும்போது வேட்கையைக் குறிப்பது 'அன்பு' என்று பொருள்படும் எழுத்து. பற்றைக் குறிப்பது 'எடுத்துக்கொள்' என்னும் எழுத்து. சேகரிப்பாளரின் நிலைமை இந்த இரண்டு எழுத்துகளுக்கு இடையில் இருக்கிறது. நிறத்தின்மீது அவர் கொண்ட அன்பு பொய்யில்லை. நீலங்களுக்குள் இருபது வேறுபாடுகளைக் காணும் அவருடைய கண், பழகிப் பழகித் தேர்ந்த கண். அன்பு எந்தக் கணத்தில் எடுத்துக்கொள்ளலாக மாறுகிறது என்பதுதான் பிடிபடுவதில்லை. தட்டுப்பாடு அந்தக் கணத்தை விரைவுபடுத்துகிறது. 'இப்போது எடுக்காவிட்டால் இல்லை' என்ற அவசரத்தில் வேட்கைக்கும் பற்றுக்கும் நடுவே நின்று யோசிக்க இருந்த சிறு இடைவெளி மறைந்துவிடுகிறது.

ஜப்பானிய இலக்கியத்தில் இந்தச் சிக்கலைத் தன்மீதே திருப்பிப் பார்த்தவர் கமோ நோ சோமேய். நெருப்பு, சூறாவளி, பஞ்சம், நிலநடுக்கம் எல்லாவற்றையும் கண்டு வெறுத்து மலையில் பத்தடிச் சதுரக் குடிசை ஒன்றில் தங்கிய அவர், 1212இல் எழுதிய 'ஹோஜோகி'யின் முடிவில் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்: எல்லாவற்றையும் துறந்து வந்து இந்தச் சிறு குடிசையை இவ்வளவு நேசிப்பதும் பற்றுதானே? அவர் விடை சொல்லவில்லை. பொருளின் அளவு குறைந்ததால் பற்று குறைந்துவிடாது என்று கண்டதே அவருடைய நேர்மை. நூறு புட்டிகளை விற்றுவிட்டு ஒரே ஒரு அரிய புட்டியை வைத்துக்கொள்பவரும் இதே கேள்விக்குள்தான் நிற்கிறார்.

அடுத்த நூற்றாண்டில் வந்த துறவி யோஷிதா கென்கோவின் 'ட்சுரெசுரெகுசா'வில், பார்க்க நன்றாக இல்லாதவை என்று ஒரு சிறு பட்டியல் வருகிறது. உட்காரும் இடத்தைச் சுற்றி நிறையச் சாமான்கள் இருப்பதும், மைக்கல் பெட்டியில் நிறையத் தூரிகைகள் இருப்பதும், வீட்டுப் பூசையிடத்தில் நிறையப் புத்தர்கள் இருப்பதும் அதில் உண்டு. தூரிகையையும் புத்தரையும் ஒரே மூச்சில் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது. புனிதமானதும் பெருகினால் சாமானாகிவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கியோட்டோவின் ரியோஆன்-ஜி கோயிலில் இருக்கும் கல் நீர்த்தொட்டி இதையே வேறு விதமாகச் செய்து காட்டுகிறது. வட்டக் கல்லின் நடுவே சதுரக் குழி. அதில் கைகழுவ நீர். குழியைச் சுற்றி நான்கு எழுத்து உறுப்புகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. தனியாக நின்றால் அவை அந்த வாசகத்தைச் சொல்வதில்லை. நடுக்குழியையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் ஒவ்வொன்றும் வேறோர் எழுத்தாகி, போதும் என்று அறிவதைப் பற்றிய வாசகமாகிறது. நிறைவைச் சொல்லும் எழுத்துகள் ஒரு வெற்றிடத்தைக் கடன் வாங்கி நிற்கின்றன.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் வலுவான வாதம் உண்டு. அருமை ஒரு பொருளைக் கூர்ந்து பார்க்க வைக்கும். தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூ (1522–1591) பற்றி வழிவழியாக வரும் கதை ஒன்று: அவர் தோட்டத்து ஊமத்தை வடிவ நீலக் காலைமலர்களைக் காண ஆட்சியாளர் ஹிதேயோஷி வந்தார். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை, எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. சினத்தோடு தேநீர் அறைக்குள் குனிந்து நுழைந்தவர் முன்னால், மாடத்தில் ஒரே ஒரு மலர். ரிக்யூ அங்கே வேண்டுமென்றே ஒரு தட்டுப்பாட்டை உண்டாக்கினார் என்று சொன்னால் தவறில்லை. ஆனால் சேகரிப்பாளர்கள் இந்தக் கதையைத் துணைக்கு அழைக்கும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. அந்த மலர் அன்று மாலைக்குள் வாடியிருக்கும். அரியதாக்கி அதைப் பூட்டி வைக்கவில்லை அவர், பார்க்கக் கொடுத்தார். காலைமலரின் அருமை அது தீர்ந்துபோவதோடு பிரிக்க முடியாதபடி கட்டப்பட்டது.

நாட்டுக் கைவினைகளை 'மிங்கெய்' என்று 1925இல் பெயரிட்டு, 1936இல் தோக்கியோவில் அவற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்த யானகி சோயெட்சு (1889–1961) இன்னும் கடுமையாக யோசித்தவர். பெயர் தெரியாத கைவினைஞர், பலர் பயன்படுத்துவதற்காக, நிறையச் செய்து, மலிவாக விற்ற பொருளில்தான் குறையற்ற அழகு குடியிருக்கிறது என்பது அவர் கொள்கை. அதன் வேர் தூயநிலப் பௌத்தத்தில் இருக்கிறது. தன் முயற்சியால் அல்லாமல் அமிதா புத்தரின் அருளால் எளியோர் மீட்படைவதுபோல, எளிய பானையும் தன்னைக் காட்டிக்கொள்ளாமலே அழகடைகிறது. அவர் 1931இல் கியோட்டோவின் தைதோக்கு-ஜி கோயிலைச் சேர்ந்த கோஹோ-ஆனில் 'கிசாயெமோன்' என்ற புகழ்பெற்ற தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தார். பெட்டிக்குள் பெட்டியாக, பட்டுத்துணி சுற்றிப் பாதுகாக்கப்பட்ட அந்தப் பொக்கிஷம், கொரியாவில் ஏழைகள் அன்றாடம் உண்ண வைத்திருந்த சாதாரணக் கிண்ணம் என்பது அவர் முடிவு. அந்தச் சாதாரணத்தன்மையே அதன் அழகுக்குக் காரணம் என்று அவர் உறுதியாக எழுதினார். யானகியின் அளவுகோலை வைத்தால் கையால் கலந்த மையின் 'கை' என்ற சொல்லை மதிக்கலாம்; அதன் அரிதான தன்மையை மதிக்க வேண்டியதில்லை. கை எதற்காக உழைத்ததோ அந்த வேலை நடக்காதபோது, கைவேலையைப் போற்றுவதாகச் சொல்வது வெறும் சொல்.

காத்துவைத்தலே பிழை என்று முடிவுகட்டவும் முடியாது. மையிலேயே இருவகை உண்டு. நாரா நகரத்துக் 'கொபாய்யென்' பட்டறை 1577 முதல் செய்துவரும் சுமி மைக்கட்டி, தாவர எண்ணெய் விளக்கின் கரியையும் விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசையையும் குளிர்காலத்தில் பிசைந்து உருவாவது. அதைப் பல பத்தாண்டுகள் உலரவைத்தால் பசை மெல்ல இளகி, கறுப்பு ஆழம் பெறுகிறது. பழைய சுமிக்கு எழுத்துக்கலைஞர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அங்கே பொறுத்திருப்பதும் தொழிலில் ஒரு பகுதி. ஊற்றுப்பேனா மை அப்படியன்று. அது பெரும்பாலும் நீர். அதில் கரைந்த சாயம், ஓட்டத்தைச் சீராக்கும் பொருள், பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சிறிது மருந்து. மூடியின் விளிம்பில் நீர் ஆவியாகும், மை கெட்டியாகும், சாயம் அடியில் படியும், மருந்து வலுவிழந்தால் பூஞ்சை பூக்கும். வெளிச்சம் பட்டால் நிறமே மாறும். சில ஆண்டுகளுக்குள் பயன்படுத்திவிடும்படி தயாரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான். ஆகவே ஊற்றுப்பேனா மையைத் தீராமல் காப்பது என்பது உண்மையில் நடக்காத காரியம். தீர்வது உறுதி, தாளில் தீர்கிறதா, புட்டிக்குள் தீர்கிறதா என்பது ஒன்றே மனிதர் கையில் இருக்கிறது. நிலையாமை என்ற பெருஞ்சொல்லை விளக்கப் புட்டியின் அடியில் படிந்த வண்டலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

பொருளுக்கு மரியாதை செய்வது என்றால் என்ன என்பதை ஜப்பானியச் சடங்குகள் வெளிப்படையாகவே வகுத்திருக்கின்றன. பிப்ரவரி 8ஆம் நாள் தையல் வேலை செய்பவர்கள் முறிந்த ஊசிகளைக் கோயிலுக்குக் கொண்டுவந்து மென்மையான தோஃபுக் கட்டியில் குத்தி வைக்கிறார்கள். ஆண்டெல்லாம் கடினத் துணியைத் துளைத்த ஊசிக்கு இனி ஓய்வு. செய்லர் மை பிறக்கும் குரே நகரத்துக்கு அடுத்த ஊர் குமனோ, ஜப்பானின் எழுதுதூரிகைகளில் மிகப் பெரும் பகுதியைச் செய்யும் ஊர். அங்கே இலையுதிர்காலச் சமஇரவு நாளில் நடக்கும் தூரிகைத் திருவிழாவில், தேய்ந்த தூரிகைகளைத் தீயிலிட்டு நன்றி செலுத்துகிறார்கள். 'குயோ' எனப்படும் இந்தச் சடங்குகள் எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு: நன்றி பெறுவது உழைத்து முடித்த பொருள். புதுத் தூரிகையை யாரும் தீயில் இடுவதில்லை. முரோமாச்சிக் காலத்து 'ட்சுகுமோகாமி' சுருளோவியக் கதை இதன் மறுபக்கத்தைச் சொல்கிறது. ஆண்டிறுதித் தூசு தட்டலின்போது தெருவில் வீசப்பட்ட பழைய சாமான்கள், தங்கள் ஊழியத்துக்கு நன்றி கிடைக்காத சினத்தில் பேய்களாகி மனிதரை வருத்துகின்றன. கடைசியில் ஷிங்கோன் பௌத்த நெறியை ஏற்றுப் புத்தநிலை அடைகின்றன. பொருளுக்கும் ஒரு நிறைவு உண்டு, அது பயன்பாட்டின் வழியே வருகிறது என்ற நம்பிக்கை இந்தக் கதைக்கும் அந்தச் சடங்குகளுக்கும் அடியில் ஓடுகிறது. பயன்படுத்தாமலே பழையதான பொருளைப் பற்றி அந்தச் சுருள் பேசவில்லை; அது எழுந்த உலகில் அப்படியொரு பொருள் இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

2018இல் தன் நூற்றாண்டை ஒட்டிப் பைலட் நிறுவனம் ஏழு மைகளை வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஜப்பானியரின் ஏழு நற்பேற்றுத் தெய்வங்களில் ஒருவர் பெயர். வரம்புக்குட்பட்ட வெளியீடு என்பதால் அவை விரைவில் அரிய பொருளாயின. அந்த ஏழு பேரில் மூவர் இந்தியாவிலிருந்து போனவர்கள். தைகொக்குத்தென் மகாகாலர், பிஷாமொன்தென் வைசிரவணரான குபேரர், பென்சைத்தென் சரஸ்வதி. வீணைக்குப் பதிலாக 'பிவா' ஏந்திய பென்சைத்தென் நதித் தெய்வம் என்ற பழைய நினைவை இழக்காமல், பெரும்பாலும் நீர்க்கரைகளிலேயே கோயில் கொண்டிருக்கிறாள். அவளுடைய பெருங்கோயில்களில் ஒன்றான இட்சுகுஷிமா, குரேயிலிருந்து சற்றுத் தொலைவில் அதே ஹிரோஷிமா விரிகுடாவில் இருக்கிறது. கல்விக்கும் எழுத்துக்கும் உரியவளின் பெயர் தாங்கிய மை எழுதப்படாமல் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. அவளைத் தமிழர் வழிபடும் முறை இங்கே பொருத்தமானது. சரஸ்வதி பூசையன்று புத்தகமும் பேனாவும் படத்தின் முன் அடுக்கப்படும். அன்று யாரும் எழுதக் கூடாது. மறுநாள் விஜயதசமியில் அவற்றை எடுத்து, ஒரு வரியாவது எழுதியே ஆக வேண்டும். பேனா தெய்வத்தின் முன் இருக்க அனுமதிக்கப்பட்ட காலம் ஒரு நாள்.

மையைச் செலவழிப்பதே வழிபாடாகும் இடமும் ஜப்பானில் இருக்கிறது. நாராவின் யகுஷி-ஜி கோயிலில் முதன்மை மண்டபம் பதினாறாம் நூற்றாண்டுப் போரில் எரிந்துபோய், தற்காலிகக் கட்டடம் ஒன்றே நெடுங்காலம் நின்றது. 1960களின் இறுதியில் தலைமைத் துறவி தகதா கோயின், பெருநிறுவனங்களிடம் கையேந்தாமல், மக்களைச் சூத்திரம் படியெடுக்கச் சொன்னார். முந்நூறுக்கும் குறைவான எழுத்துகள் கொண்ட இதய சூத்திரத்தைக் கையால் எழுதி, சிறு காணிக்கையோடு அனுப்ப வேண்டும். இலக்கு பத்து லட்சம் படிகள். அது நிறைவேறி, 1976இல் மண்டபம் மீண்டும் எழுந்தது. எழுதப்பட்ட படிகள் கோயிலிலேயே வைக்கப்பட்டன. எழுதியவர்களில் பலர் தூரிகை பிடித்துப் பழகாதவர்கள். அவர்கள் தேய்த்த மை விலை உயர்ந்ததாகவும் இருந்திருக்காது. வடிவமெல்லாம் வெறுமை, வெறுமையே வடிவம் என்னும் கருத்தைச் சொல்லும் சூத்திரத்தை எழுதி எழுதி, கல்லும் மரமுமாக ஒரு கட்டடத்தை அவர்கள் நிறுத்தினார்கள்.

சேகரிப்பாளர்களிடையே இன்று வளர்ந்துவரும் 'கொவாக்கே' என்ற வழக்கம் இந்தத் திசையில்தான் செல்கிறது. சொல்லுக்குச் சிறுசிறு பங்காகப் பிரித்தல் என்று பொருள். அரிய மை கிடைத்தவர் அதை ஊசிக்குழலால் உறிஞ்சி 2 மில்லிலிட்டர் சீசாக்களில் ஊற்றி, கேட்பவர்களுக்குக் கொடுக்கிறார். 50 மில்லிலிட்டர் புட்டி இப்படி இருபத்தைந்து பேரிடம் போகலாம். ஒவ்வொரு சீசாவும் இரண்டு மூன்று நிரப்புகள், பல பக்கங்கள். பெற்றவர் அந்த நிறத்தில் எழுதிய ஒரு தாளைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. சீசாவின்மேல் ஒட்டும் சீட்டில் மையின் பெயரும், பிறந்த ஊரும், பிரித்து ஊற்றிய தேதியும் எழுதப்படுகின்றன, பெரும்பாலும் அதே மையால்.